அண்ணன் செய்த ஆயுதங்கள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

வசந்தா எழுதுகிறேன். இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. குடமுருட்டி கரை தொட்டு ஓடுகிறது. நம் வயலில் குறுவை நடவை மெஷின் வைத்து முடித்துவிட்டார்கள். அண்ணிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பட்டறைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்காராமல் போவதில்லை. தஞ்சாவூரில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பசை சீக்கிரம் காய்கிறது என்று உன் மகள் சுமதிக்குச் சந்தோஷம்.

உன் காரியத்தன்று பந்தலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆயுதம் செஞ்சு போலீஸ்ல மாட்டுனவருங்க இவரு" என்றார் ஒருவர். "அதெல்லாம் இல்லைங்க, இவரு கிட்டார் செய்யிறவரு" என்றார் மற்றவர். சுமதி அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அத்தை, அப்பா ஜெயிலுக்குப் போனாரா? எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள்.

ஏன் அண்ணே சொல்லவில்லை? வெட்கமா, இல்லை சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டாயா? சுமதிக்கு எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்து பார்த்தால் அவளுக்கு எழுத வரவில்லை. உனக்கு எழுதினால்தான் வருகிறது. நான் எதையாவது மாற்றிச் சொன்னால் நடுவில் புகுந்து திருத்துகிறவன் நீ. அந்த பயத்தில் சரியாக எழுதுவேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதுசு அது. டீக்கடை, முடிவெட்டுகிற கடை எல்லாவற்றிலும் அரசியல்தான் பேச்சு. கிழக்குப் பக்கம் கூலித் தகராறு பெரிதாகிக்கொண்டிருந்தது. நம் பாபநாசம் பக்கம் குத்தகைத் தகராறு. நிலத்தைச் சொந்த சாகுபடிக்கு எடுக்கப் போகிறேன் என்று சொல்லி மிராசுதார்கள் குத்தகைக்காரர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். நீ அப்போது கும்பகோணத்து மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாய். அரசியல் கூட்டமென்றாலும் கோயில் திருவிழாவென்றாலும் பேச்சாளரோ சாமியோ வரும்வரை உங்கள் குழுதான். கிட்டார் குழுவுடையது. நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கடைசி பஸ்ஸில் வருவாய்.

நம் அப்பா உழுத நிலம் கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. அப்பாவுக்கு அப்பா காலத்திலிருந்து குத்தகை. அந்தத் தை மாதம் சம்பா முற்றி நின்றபோது மிராசுதாரின் காரியக்காரர் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அறுப்புக்கு வந்தார். நீயும் அப்பாவும் வரப்பில் போய் நின்றீர்கள். தெற்குத் தெருவிலிருந்து கூலி வேலை செய்கிறவர்களும் செங்கொடியோடு வந்து உங்களுக்குப் பின்னால் நின்றார்கள். பேச்சு வார்த்தையாகத்தான் ஆரம்பித்தது. யார் முதலில் கையை ஓங்கியது என்று இன்று வரைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அப்பா தலைக்கு வந்த தடியை நீ இடது கையால் தடுத்தாய்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுப் பிரித்தபோது இடது கையின் நடு விரலும் மோதிர விரலும் மடங்கி நின்றுவிட்டன. கரண்டி பிடிக்கலாம், கதிர் பிடிக்கலாம். கிட்டாரின் கழுத்தில் கம்பியை அழுத்த முடியாது. குழுக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் போட்டிருப்பதாக, போகும்போது வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்கள். உன்னிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீ "சரி" என்றாய். அதோடு பேச்சையே குறைத்துக்கொண்டாய். அம்மா சோறு போட்டால் சாப்பிடுவாய், போடாவிட்டால் கேட்க மாட்டாய்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் நான் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்று, "வசந்தா, கையை மாத்திக்கிட்டா என்ன?" என்று கேட்டாய்.

எனக்குப் புரியவில்லை. துடைப்பத்தை வாங்கி மாற்றிப் பிடித்துக் காட்டினாய். வலது கையால் கழுத்தைப் பிடித்து அழுத்துவது, மடங்கிய இடது கையால் கம்பியை மீட்டுவது. "இந்த ரெண்டு விரலும் மீட்டறதுக்குத் தேவையே இல்ல" என்றாய்.

"அப்படி ஒரு கிட்டார் கிடைக்குமா?"

"கிடைக்காது. கிடைச்சாலும் வாங்க முடியாது. செய்யணும்."

நமக்கு மரவேலை தெரியாது. கும்பகோணத்தில் வாத்தியம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் பிரித்துப் போட்டிருந்த கிட்டார் ஒன்றை நீ பல தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். வந்து கொட்டகைத் தரையில் கரியால் படம் போட்டாய். மரத்துக்குக் கவலையில்லை. வாய்க்கால் கரையில் விழுந்து கிடந்த பூவரசை ஊராரிடம் கேட்டு வாங்கி அறுத்தோம். அது பக்கவாட்டுக்கும் முதுகுக்கும். முன்பலகைக்கு, பக்கத்து ஊரில் பம்ப்செட் வந்திறங்கிய பெட்டியின் பலகை. கழுத்துக்குப் பழைய தேக்கு ஜன்னல் சட்டம். வேலைக்கு வேண்டிய ஆயுதங்கள்தான் ஒன்றும் இல்லை.

அதையும் நாமே செய்வது என்று முடிவானது. சுமதி இப்போது கடையிலிருந்து விதவிதமாக வாங்குகிறாள், நல்லதுதான்; கோடு அறுக்க மட்டும் இன்றும் உன் பிளேடுதான். ஆனால் எது எதிலிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கழுத்தில் கம்பி அழுத்தும் இடங்களில் பித்தளைக் கட்டை பதிக்க மயிரிழை போலக் கோடு அறுக்க வேண்டும். தச்சரின் ரம்பம் அகலமாக அறுத்தது. நீ இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு ஒன்றை வாங்கி, பற்களின் இரண்டு பக்கத்தையும் அம்மிக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தாய். பற்களுக்குக் கொஞ்சம் மேலே, பிளேடின் இரண்டு பக்கமும் மரச் சட்டத்தை வைத்து முடுக்கினாய். சட்டம் இடிக்கும் வரைதான் பிளேடு இறங்கும், அதனால் ஆழம் தவறாது. அம்மா அம்மியைப் பார்த்துவிட்டு, "மொளகா அரைச்சா இரும்பு வாடை அடிக்குது" என்று ஒரு வாரம் திட்டினாள்.

பக்கவாட்டுப் பலகையை வளைக்க ஒரு துண்டு இரும்புக் குழாய். உள்ளே கரித் தணலைப் போட்டு, பலகையை நனைத்து அதன் மேல் வைத்து அழுத்த வேண்டும். தேய்ந்துபோன அரத்தைத் தீட்டிக் கத்தியாக்கினோம். சோடா பாட்டில் உடைந்த கண்ணாடிதான் இழைக்கிறதற்கு. ஒட்டுகிற இடத்தை இறுக்கிக் கட்ட சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டிக்கொண்டோம்.

மூங்கில் மட்டும் என் யோசனை. முன்பலகைக்கு உள்பக்கம் சின்னச் சின்னச் சட்டங்களை வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டிவிட்டு, அது காயும் வரை மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. அப்பா வைக்கோல் பந்தலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நான் ஒரு பிளாச்சை எடுத்து, ஒரு முனையைக் கொட்டகை உத்தரத்தில் கொடுத்து, வில்லாக வளைத்து மறுமுனையைச் சட்டத்தின் மேல் நிறுத்தினேன். நிமிரப் பார்த்த மூங்கில் சட்டத்தை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டது. நீ போய் ஒரு கட்டு பிளாச்சை அள்ளிக்கொண்டு வந்தாய். பிறகு அந்தக் கொட்டகை முழுக்க மேலும் கீழும் மூங்கில் வில்லாக நின்றது. மாடு உள்ளே வர மறுத்தது.

இதற்கு நடுவில்தான் காரியக்காரர் வந்தார். குத்தகை விஷயமாக அப்பாவிடம் சமாதானம் பேச வந்தவர், அப்பா வயலில் இருக்கிறார் என்றதும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நீ கத்தி தீட்டிக்கொண்டிருந்தாய். குழாய் பழுக்கக் காய்ந்து கிடந்தது.

"என்ன தம்பி நடக்குது?"

"ஆயுதம் செய்யிறேங்க" என்றாய் நீ, தலையைத் தூக்காமல்.

வேலை செய்கிற எவனும் சொல்கிற சொல்தான். சரஸ்வதி பூஜைக்கு நாம் பொட்டு வைக்கிறதும் அதற்குத்தான். ஆனால் அவர் தலையில் அது எப்படி இறங்கியதோ. நின்று மூங்கிலையும் கத்தியையும் பார்த்தார், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். அவர்தான் போய்ச் சொன்னார் என்று நீ ஒரு போதும் சொன்னதில்லை. நானும் சாட்சியில்லாமல் சொல்ல மாட்டேன். கிழக்கேயிருந்து வந்த செய்திகளால் எல்லோருக்குமே அப்போது பயம் இருந்தது.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும், காலையில் ஜீப் வந்தது. கான்ஸ்டபிள்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். மூங்கில் பிளாச்சு ஒரு கட்டு, கத்திகள், குழாய், பிளேடு எல்லாவற்றையும் சாக்கில் போட்டார்கள்.

"எதுக்குய்யா இதெல்லாம்?" என்று ஏட்டு கேட்டார்.

"கிட்டார் செய்யங்க."

"கிட்டார். இந்த ஊர்ல." அவர் சிரிக்கவும் இல்லை. "அறுப்புத் தகராறுல உன் பேரு இருக்குல்ல? வண்டியில ஏறு."

அம்மா அழுதாள். அப்பா சட்டையைத் தேடினார், கையில் இருந்த சட்டையையே தேடினார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவர்கள் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, அது எதற்கு என்று காட்டுகிற பொருள் கொட்டகையிலேயே கிடந்தது. பாதி ஒட்டின உடம்பு, ஒரு பக்கம் வளைந்த பலகை வைத்தது, மறுபக்கம் இன்னும் வைக்காதது. அதைப் புடவையில் சுற்றிக்கொண்டு, வளைக்காத பலகை இரண்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு பாபநாசத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்னம்மா, கொழந்தையா?" என்று கேட்டு இடம் கொடுக்கச் சொன்னார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வயதானவர். பொதியைப் பிரித்துக் காட்டியதும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது பொட்டி மாதிரி இருக்கு."

"இன்னும் முடியலைங்க. இந்தப் பக்கம் பலகையை வளைச்சு ஒட்டணும். அதுக்குத்தான் அந்தக் குழாய்."

"கொழாயை வச்சு மரத்தை வளைப்பியா?"

"அண்ணன் வளைப்பாங்க. நெருப்பு வேணும்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். எதிரே டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "சரி, வளைக்கச் சொல்லு, பாப்போம்" என்றார்.

அப்படித்தான் உன்னை வெளியே கொண்டுவந்தார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் சாக்கிலிருந்து குழாயை எடுத்து வந்தார். டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைக் கொடுத்தார். உன் முகம் வீங்கியிருந்தது. யார் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் பிறகு சொல்லவில்லை. தணலைக் குழாய்க்குள் போட்டு, நான் குறட்டால் பிடித்துக்கொண்டேன். நீ பலகையைத் தண்ணீரில் நனைத்து வைத்தாய்.

முதல் பலகை உடைந்துவிட்டது. படீரென்று சத்தம் வந்தது. டீ குடிக்க வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அவசரப்பட்டுட்டேன்" என்றாய் என்னிடம் மட்டும். "கொழாயை ஆட்டாமப் புடி."

இரண்டாவது பலகையை நனைத்தாய். இந்தத் தடவை அழுத்தவில்லை, சும்மா சாய்ந்தாய். ஆவி வந்தது. பூவரசு வாடை கடை முழுக்கப் பரவியது. மரம் மெல்ல மெல்ல இடுப்பு மாதிரி உள்ளே வாங்கி, மறுபடி வெளியே விரிந்தது. நீ அதை எடுத்துப் பாதி உடம்பின் திறந்த பக்கத்தில் வைத்தாய். நூல் பிடித்தது போல உட்கார்ந்தது. நான் அப்போதுதான் குறட்டைக் கீழே வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் தன் டீயைக் குடித்து முடித்தார். "கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் அப்பாவிடம். "அறுப்புக் கேஸ் அப்படியே இருக்கு, அதை நான் ஒண்ணும் செய்ய முடியாது. கத்தி, கம்பு எல்லாம் எழுதியாச்சு, அது திரும்ப வராது. இந்தக் கொழாயை வேணா எடுத்துக்கங்க, சூடா இருக்கு."

அவர் நல்லவரா கெட்டவரா என்று நீயும் நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முடிவைச் சொன்னார். தாசில்தார் முன்னால் சமாதானத்துக்குப் போவது, வாய்க்கால் தலைப்பில் இருக்கும் நல்ல நிலத்தை விட்டுக் கொடுத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தை வைத்துக்கொள்வது, இரண்டு பக்கமும் கேஸைத் திரும்ப வாங்குவது.

நீ கொதித்தாய். "சட்டம் நம்ம பக்கம் இருக்குப்பா. புது ஆட்சியும் வந்திருக்கு. தெற்குத் தெருக்காரங்க நமக்காக வந்து அடி வாங்கியிருக்காங்க. அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"சட்டம் வர்றப்ப வரட்டும்" என்றார் அப்பா. "எனக்கு வயலும் வேணும், மவனும் வேணும். ரெண்டுலயும் பாதிப் பாதி கிடைச்சாக்கூட போதும். தெற்குத் தெருவுக்கு நான் போய்ச் சொல்றேன்."

சொன்னபடி போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வந்து கிணற்றடியில் வெகுநேரம் கால் கழுவினார். அடுத்த அறுப்புக்கு அவர்கள்தான் நம் வயலில் இறங்கினார்கள், கூலியை அவர்கள் சங்கம் கேட்டபடியே அப்பா கொடுத்தார். நீ அப்பாவோடு பேச இரண்டு மாதம் ஆனது. பள்ளத்து நிலம் ஐப்பசியில் மூழ்கும்போதெல்லாம் நீ அவரைப் பார்ப்பாய், அவர் வானத்தைப் பார்ப்பார்.

ஆயுதங்களை மறுபடி செய்தோம். அதில்தான் எனக்கு ஆச்சரியம். முதல் தடவை திணறித் திணறிச் செய்ததெல்லாம் இரண்டாம் தடவை சுலபமாக வந்தது, நன்றாகவும் வந்தது. பித்தளைக் கட்டைகளை எங்கெங்கே பதிப்பது என்று குறித்து வைத்திருந்த அளவுகோலும் சாக்கோடு போயிருந்தது. போனது நல்லதாகப் போயிற்று. கம்பி நீளத்தைப் பதினெட்டால் வகுத்து ஒரு பங்கை விட்டு, மிச்சத்தை மறுபடி பதினெட்டால் வகுத்து என்று ரிப்பேர்காரர் சொன்ன கணக்கில் போட்டது அது. அதே கணக்கில் புது அளவுகோலைப் போட்டு, ஒரு மரத்துண்டில் ஒற்றைக் கம்பி கட்டி மீட்டிப் பார்த்ததும் நீ முகத்தைச் சுளித்தாய். மேலே போகப் போகச் சுருதி இறங்கி நிற்கிறது என்றாய். நான் நூல் பிடித்துப் பார்த்தேன். கம்பியின் சரிபாதியில் விழவேண்டிய பன்னிரண்டாவது கோடு பாதிக்கு முன்னாலேயே விழுந்திருந்தது. பதினெட்டைக் கொஞ்சம் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்து, கோடு பாதியில் வந்து நிற்கும் வரை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வகுத்தல் எனக்கு அதற்கு ஒன்றுக்குத்தான் உதவியது என்று அம்மா சொல்வாள்.

கிட்டார் முடிந்தது. பெட்டி மரமும் பூவரசும் ஒன்றுக்கொன்று நிறம் சேரவில்லை. கம்பியை முறுக்குகிற முளைகள், வீணையில் இருக்கிற மாதிரி மரத்திலேயே செய்தவை, அடிக்கடி நழுவின. ஆனால் சத்தம் வந்தது. நீ வலது கையால் கழுத்தைப் பிடிக்கக் குழந்தை போலப் பழகினாய். நடவில் ஆரம்பித்து அறுப்பு வரை, விரல் நுனி தோலுரிந்து காய்த்துப்போகும் வரை. முதல் முறை சரியாக அழுத்திச் சத்தம் சுத்தமாக வந்தபோது என்ன நினைத்தாய் அண்ணே? நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீ ஏற்கனவே அடுத்த சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தாய்.

காணும் பொங்கலன்று களத்தில் வாசித்தாய். தெற்குத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். மடங்கிய விரல்களை அவர்கள் பார்த்தார்கள், நீயும் மறைக்கவில்லை. முடிந்ததும் அப்பா உன் பக்கம் வந்து, "சத்தம் நல்லாத்தான் இருக்கு. மேளத்துக்கு நடுவுல கேக்குமா?" என்றார். "கேக்காதுப்பா" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். சண்டை முடிந்தது அன்றைக்குத்தான்.

மெல்லிசைக் குழு உன்னைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு வருஷம் போனாய். ஆனால் அதற்குள் திருச்சியிலிருந்து ஒருவர் தனக்கொன்று செய்து தரச் சொல்லிவிட்டார், அப்புறம் இன்னொருவர். தஞ்சாவூரில் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்தாய். என்னைத் திருக்காட்டுப்பள்ளியில் கட்டிக் கொடுத்த பிறகும் பிளேடு தேய்ப்பது, மூங்கில் சீவுவது என் வேலையாகவே இருந்தது. பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். "மூங்கில் வளையுது, ஆனா கோவிச்சுக்கிட்டு வளையுது. இன்னும் கொஞ்சம் சீவு" என்று கார்டு போடுவாய். என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் தஞ்சாவூருக்கே வந்துவிட்டேன். சேர்ந்து வேலை செய்த அந்த வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேலை இருந்தது, செய்தோம்.

போன வாரம் ஒருவர் வந்தார். ஒரு காட்சிக்கூடத்துக்கு உன் ஆயுதங்களைக் கேட்டார். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் உன் படமும் பேரும் போடுவார்களாம். மரியாதையாகத்தான் பேசினார். சுமதிக்கு ஆசை. "அத்தை, குடுத்துடலாமா? அப்பா பேரு நிலைக்கும்ல?" என்றாள்.

"நாளைக்கு கழுத்துல கோடு அறுக்கணும். எதை வச்சு அறுப்ப?" என்று கேட்டேன். அவள் அந்த ஆளைப் பார்த்தாள். பிறகு அவருக்குக் காப்பி கொடுத்து, வேலை நடக்கிற நாளில் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

ஆகவே இதுதான் நான் உனக்குத் தரும் வாக்கு. உன் ஆயுதங்கள் எதையும் கண்ணாடிக்குள் பூட்ட விடமாட்டேன். தேய்கிற வரை அவை வேலை செய்யும். தேய்ந்துபோனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்வேன். என் கை நின்றுவிட்டால் சுமதி செய்வாள். எதிலிருந்து எப்படி என்று இப்போது அவளுக்கும் தெரியும்.

உன் கூடப் பிறந்தவள்,
வசந்தா